கல்லடி பட்ட கார்க் கண்ணாடி: ஒரு புள்ளி எப்படிக் கோடாகிறது?



ஈப்போவிலிருந்து லகாட் வழியாகப் பூசிங், பத்து காஜா பக்கம் காரில் போயிருக்கிறீர்களா? முன்னால் ஒரு லாரி மணலோ கல்லோ ஏற்றிக்கொண்டு போகும். திடீரென்று 'டிக்' என்று ஒரு சத்தம். முன் கண்ணாடியில் சிறு புள்ளி ஒன்று வெள்ளையாகத் தெரியும். அப்பா, "சின்னதுதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்.

சில கண்ணாடிகளில் அந்தப் புள்ளி மாதக் கணக்கில் அப்படியே இருக்கும். வேறு சிலவற்றில் ஒரே இரவில், அல்லது ஒரே மழையில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கோடாக ஓடிவிடும். இரண்டும் ஒரே அளவு கல்லால் வந்தவையாகக்கூட இருக்கலாம். அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

இந்த வாரப் பாடம் இதுதான். நீங்கள் பள்ளியில் படிக்கும் இயக்க ஆற்றல், அழுத்தம், வெப்ப விரிவு, ஒளிவிலகல் ஆகிய நான்கும் அந்தச் சிறு புள்ளிக்குள் ஒன்றுசேர்கின்றன. இது வெறும் தேர்வுப் பாடம் அன்று. உங்களை ஏற்றிச் செல்லும் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறார்.

கல்லுக்கு அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது?

லாரியின் பின் சக்கரங்கள் இரட்டையாக இருக்கும். இரு டயர்களுக்கு நடுவே சிக்கும் கல், சக்கரம் சுழலும்போது விடுபட்டுப் பறக்கும். சாலையில் கிடக்கும் கல்லையும் டயர் தெறிக்க விடும். ஆனால் பெரும்பாலான நேரங்களில் கல் நம்மைத் தேடி வந்து அடிப்பதில்லை. அது காற்றில் எழும்பி நிற்கும் நொடியில் நாம்தான் வேகமாகப் போய் அதன்மீது மோதுகிறோம்.

5 கிராம் எடையுள்ள ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். கல் காற்றில் அசையாமல் இருப்பதாகவும், கார் அதன்மீது மோதுவதாகவும் வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் = ½ × பொருண்மை × வேகம் × வேகம். வேகத்தை வினாடிக்கு மீட்டராக மாற்றிக் கணக்கிட்டால் கிடைப்பவை:

மணிக்கு 60 கிலோமீட்டர்: சுமார் 0.7 ஜூல்
மணிக்கு 90 கிலோமீட்டர்: சுமார் 1.6 ஜூல்
மணிக்கு 110 கிலோமீட்டர்: சுமார் 2.3 ஜூல்

வேகம் இரு மடங்குகூட ஆகவில்லை. ஆற்றலோ மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. வேகம் வர்க்கமாகப் பெருகுவதே காரணம்.

இருந்தாலும் 2.3 ஜூல் என்பது பெரிய ஆற்றல் இல்லை. ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை ஒரு சாண் உயரத்திலிருந்து மேசையில் போட்டால் ஏறக்குறைய அவ்வளவு ஆற்றல்தான். பொட்டலம் கண்ணாடியை உடைக்காது, கல் உடைக்கிறது. ஏன்?

விடை அழுத்தத்தில் இருக்கிறது. 100 நியூட்டன் விசையோடு உள்ளங்கையைக் கண்ணாடிமேல் வைத்து அழுத்துங்கள். கை தொடும் பரப்பு சுமார் 100 சதுர சென்டிமீட்டர் என்றால், அழுத்தம் 10,000 பாஸ்கல்தான். அதே 100 நியூட்டன் ஒரு கல்லின் கூர்முனை வழியாக 1 சதுர மில்லிமீட்டரில் இறங்கினால், அழுத்தம் 10 கோடி பாஸ்கல். விசை ஒன்றே. அழுத்தம் 10,000 மடங்கு.

சாய்ந்த கண்ணாடியும் நிமிர்ந்த கண்ணாடியும்

காரின் முன் கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருக்கும். பேருந்து, லாரி, மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு வண்டி ஆகியவற்றின் முன் கண்ணாடி ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். இந்தச் சாய்வில் ஒரு வெக்டர் கணக்கு ஒளிந்திருக்கிறது.

தரையோடு 30 பாகைச் சாய்வில் இருக்கும் கண்ணாடியில் கல் மோதினால், கண்ணாடிக்குச் செங்குத்தான திசையில் இருக்கும் வேகம் மொத்த வேகத்தில் பாதிதான், ஏனெனில் சைன் 30 = 0.5. வேகம் பாதியானால் அந்தத் திசையின் ஆற்றல் கால் பங்காகிறது. மீதி வேகத்தோடு கல் வழுக்கி மேலே ஓடிவிடும். நிமிர்ந்த கண்ணாடியில் வழுக்குவதற்கு இடமில்லை. முழு வேகமும் நேராக இறங்கும்.

பள்ளி விடுமுறையில் சில குடும்பங்கள் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போகிறார்கள். கல்லுடைப்பு நடக்கும் குன்றுகளை ஒட்டித்தான் அந்தச் சாலை தொடங்குகிறது. வண்டியின் கண்ணாடி நிமிர்ந்தது, பரப்பும் பெரியது. பரப்பு பெரிதானால் கல் படும் வாய்ப்பும் கூடும். வளைவுகளில் நீண்ட வண்டியின் உடல் லேசாக முறுக்கிக்கொள்ளும்போது, அந்த முறுக்கும் கண்ணாடிக்குத்தான் போய்ச் சேரும்.

எந்தக் கல் ஆபத்தானது?

கிந்தா பள்ளத்தாக்கில் நாம் பார்க்கும் வெண்குன்றுகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. ஈப்போ கல்லுமலைக் கோயில் இருக்கும் குன்றும் அந்த வகைதான். பள்ளத்தாக்கின் இருபுறமும் உள்ள கிளேடாங், தித்திவங்சா மலைத்தொடர்களோ கருங்கல்லால் ஆனவை. பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ்.

மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் சுண்ணாம்புக் கல்லின் கால்சைட் 3, சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5, குவார்ட்ஸ் 7. எனவே சுண்ணாம்புக் கல் கண்ணாடியைக் கீறாது. கருங்கல்லும் சுரங்க மணலும் கீறும். கண்ணாடியில் மணல் படிந்திருக்கும்போது வைப்பரை ஓட்டினால் வட்டவட்டமாய்க் கீறல் விழுவது இதனால்தான்.

ஆனால் கவனியுங்கள். கடினத்தன்மை என்பது கீறுவதைப் பற்றியது. உடைப்பதைப் பற்றியது அன்று. போதிய வேகம் இருந்தால் சுண்ணாம்புக் கல்லும் கண்ணாடியை வெடிக்கச் செய்யும்.

கண்ணாடிக்குள் நடப்பது என்ன?

ஒரு தகரத்தைச் சுத்தியலால் தட்டினால் அது நெளியும். அணு அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று நழுவி, அடியின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக இல்லை. நழுவ வழியில்லை. ஆகவே தாங்கும்வரை தாங்கும், தாங்காதபோது பிளந்துவிடும். இதையே நொறுங்குதன்மை என்கிறோம்.

கண்ணாடிமேல் ஒரு குண்டை அழுத்தினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தவர் ஹென்ரிக் ஹெர்ட்ஸ். ஆம், அதிர்வெண்ணின் அலகுக்குப் பெயர் தந்த அதே ஹெர்ட்ஸ்தான். 1881ஆம் ஆண்டில், 24 வயதை எட்டுவதற்கு முன்பே அவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். குண்டு தொடும் இடத்தைச் சுற்றி ஒரு வட்ட வெடிப்பு உண்டாகி, கீழ்நோக்கிக் கூம்பாக விரியும். கார்க் கண்ணாடியில் வட்டமாய்த் தெரியும் கல்லடி, மேலிருந்து பார்க்கப்படும் அந்தக் கூம்புதான். கூர்மையான கல் பட்டால் வட்டத்துக்குப் பதில் நட்சத்திரம்போல் கால்கள் நீளும்.

வட்டத்தைவிட நட்சத்திரம் ஆபத்தானது. அதன் காரணம்தான் இந்தப் பாடத்தின் நடுப்புள்ளி.

எல்லாம் முனையில்தான்

மைலோ அல்லது மிளகாய்த்தூள் பாக்கெட்டைக் கையால் கிழித்துப் பாருங்கள். ஓரத்தில் வெட்டு இல்லாவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. சிறு வெட்டு ஒன்று இருந்தால் சட்டென்று கிழிந்துவிடும். இழுக்கும் விசை பாக்கெட் முழுதும் பரவி நிற்காமல் வெட்டின் முனையில் போய்க் குவிகிறது.

எவ்வளவு குவிகிறது? 1913ஆம் ஆண்டில் சார்ல்ஸ் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் அதற்கு ஒரு எளிய சூத்திரம் தந்தார். நீள்வட்டத் துளை ஒன்றின் முனையில் தகைவு எத்தனை மடங்காகும் என்பதற்கு:

மடங்கு = 1 + 2 × (பாதி நீளம் ÷ பாதி அகலம்)

துளை முழு வட்டமாக இருந்தால் நீளமும் அகலமும் சமம். விடை 3 மடங்கு. பாதி நீளம் 1 மில்லிமீட்டரும் பாதி அகலம் 0.01 மில்லிமீட்டரும் உள்ள மெல்லிய வெடிப்பு என்றால் விடை 201 மடங்கு!

கண்ணுக்குத் தெரியும் ஒரு வட்டத் துளையைவிட, மயிரிழைபோல் இருக்கும் வெடிப்பு ஏன் கொடியது என்பது இப்போது விளங்குகிறதா? புள்ளி எவ்வளவு பெரியது என்று பார்ப்பதோடு நிற்கக் கூடாது. அதன் முனை எவ்வளவு கூர்மையானது என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு 1921ஆம் ஆண்டில் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் என்பவர் மெல்லிய கண்ணாடி இழைகளை இழுத்துச் சோதித்து ஓர் உண்மையை நிறுவினார். கண்ணாடியின் அணுப் பிணைப்புகள் மிக வலிமையானவை. அதன் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் இருப்பதால்தான் நடைமுறையில் அது பலவீனமாகிறது. கண்ணாடிக் கடைக்காரர் இந்த உண்மையை நாள்தோறும் பயன்படுத்துகிறார். வெட்டுச் சக்கரத்தால் ஒரே ஒரு கோடு கீறுவார். பிறகு மெல்ல மடக்குவார். கண்ணாடி அந்தக் கோட்டிலேயே 'டக்' என்று இரண்டாகும். அவர் கண்ணாடியை அறுப்பதில்லை. ஒரு வெடிப்பைத் தொடங்கிவைத்து அதற்கு வழிகாட்டுகிறார்.

கல்லும் அதையேதான் செய்கிறது. வழிகாட்ட மட்டும் ஆளில்லை.

இரண்டு வகைக் கண்ணாடி

காரின் பக்கக் கண்ணாடி பெரும்பாலும் பதமூட்டிய கண்ணாடி. 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை வீசி விரைவாகக் குளிரவைக்கிறார்கள். அதனால் மேற்பரப்பு இறுகிய நிலையில் இருக்கும். உடைந்தால் முழுவதும் சிறு சிறு கட்டிகளாகக் கொட்டிவிடும்.

முன் கண்ணாடி அப்படிக் கொட்டினால் ஓட்டுநர் என்ன செய்வார்? ஆகவே அங்கே அடுக்குக் கண்ணாடி பொருத்தப்படுகிறது. ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு கண்ணாடித் தாள்கள், நடுவில் 0.76 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலிவினைல் பியூட்டிரால் என்ற ஒட்டும் நெகிழித் தாள். கல் பட்டால் வெளித்தாள் மட்டுமே வெடிக்கும். நெகிழித் தாள் சில்லுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு ஓவியரும் வேதியியலாளருமான எடுவார் பெனடிக்டஸ். அவருடைய ஆய்வுக்கூடத்தில் கீழே விழுந்த ஒரு கண்ணாடிக் குடுவை, வெடித்தும் சிதறவில்லை. உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து மெல்லிய படலமாய் ஒட்டியிருந்தது. அந்தப் படலமே சில்லுகளைப் பிடித்துவைத்திருந்தது. 1909ஆம் ஆண்டில் அவர் அடுக்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார்.

முன் கண்ணாடிக்குக் காற்றைத் தடுப்பது மட்டும் வேலையில்லை. கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு. பல கார்களில் பயணியின் காற்றுப்பை விரியும்போது முன் கண்ணாடியில் மோதித்தான் பயணியின் பக்கம் திரும்புகிறது. ஓடிய வெடிப்புள்ள கண்ணாடி இந்த வேலைகளை முழுமையாகச் செய்யாது.

புள்ளியைக் கோடாக்கும் மூன்று பகைவர்கள்

முதல் பகைவன் வெப்பம். ஈப்போ வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடி கை வைக்க முடியாத அளவு சூடாகும். அப்போது பிற்பகல் மழை கொட்டுகிறது. வெளிப்பரப்பு சட்டென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். உட்பகுதி இன்னும் சூடாக இருப்பதால் விடாது. ஆகவே வெளிப்பரப்பு இருபுறமும் இழுபடும். கல்லடி இருப்பதும் அதே வெளிப்பரப்பில்தான்.

இழுவிசை எவ்வளவு? கண்ணாடியின் யங் குணகம் 70 × 10⁹ பாஸ்கல். நீள விரிவுக் கெழு ஒரு பாகைக்கு 9 × 10⁻⁶. வெப்பநிலை வேறுபாடு 30 பாகை. சுருங்க இடமே இல்லை என்று வைத்துக்கொண்டு மூன்றையும் பெருக்குங்கள். விடை ஏறக்குறைய 1 கோடியே 90 இலட்சம் பாஸ்கல். அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 190 மடங்கு. அந்த அளவு தகைவு ஒரு கூர்முனையில் இன்னும் பல மடங்காகக் குவிந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கொதிக்கும் கண்ணாடிமேல் குளிர்சாதனக் காற்றை முழு வேகத்தில் திருப்பிவிட்டாலும் இதே கதைதான். குளிர்ந்த பகுதி சுருங்கும், சூடான பகுதி விடாது. கேமரன் மலைக்குப் போகும் வீட்டு வண்டியை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சுமார் 6 பாகை குறையும். அடிவாரத்து வெயிலிலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் ஏறும்போது, வெப்பமும் மாறுகிறது, வளைவுகளில் வண்டியும் முறுக்குகிறது.

இரண்டாம் பகைவன் ஈரம். இதைக் கேட்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். தண்ணீர் கண்ணாடியை என்ன செய்யும்? சாதாரண நிலையில் ஒன்றும் செய்யாது. ஆனால் வெடிப்பின் முனையில் சிலிக்கான், ஆக்சிஜன், சிலிக்கான் என்று கோத்திருக்கும் பிணைப்பு ஏற்கெனவே இழுபட்டு நிற்கிறது. அங்கே ஒரு நீர் மூலக்கூறு நுழைந்தால், இழுபட்ட பிணைப்போடு வினைபுரிந்து அதை அறுத்துவிடும். முனை ஓர் அணு அளவு முன்னேறும். அடுத்த பிணைப்பு இழுபடும். அடுத்த நீர் மூலக்கூறு வரும்.

அமெரிக்க ஆய்வாளர் ஷெல்டன் வீடர்ஹார்ன் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்து காட்டினார். காற்றில் ஈரப்பதம் கூடக்கூட, அதே இழுவிசையில் வெடிப்பு வேகமாக நகர்ந்தது. நிறுத்திவைத்த காரில், யாரும் தொடாமலேயே, இரவோடு இரவாக வெடிப்பு நீள்வதன் இரகசியம் இதுதான். ஆண்டு முழுதும் ஈரக் காற்று வீசும் நம் ஊரில் இதை மறக்கவே கூடாது.

மூன்றாம் பகைவன் அதிர்வு. குழியில் இறங்கும் சக்கரம், ஓங்கிச் சாத்தும் கதவு, மேட்டில் ஏறும்போது முறுக்கும் வண்டி ஆகிய ஒவ்வொன்றும் முனையைக் கொஞ்சம் இழுத்துவிடுகிறது. கண்ணாடியின் ஓரத்தில் விழுந்த கல்லடி விரைவாக ஓடுவதற்கும் இது ஒரு காரணம். சட்டத்தின் முறுக்கு ஓரத்துக்குத்தான் முதலில் வந்து சேர்கிறது. கண்ணாடியை வெட்டும்போது உண்டான நுண்வெடிப்புகளும் ஓரத்தில்தான் இருக்கின்றன.

கல் பட்டவுடன் என்ன செய்வது?

இப்போது காரணம் தெரிந்துவிட்டது. செய்ய வேண்டியதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை; யோசித்தாலே வந்துவிடும்.

1. ஓட்டுநர் பதறாமல், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். அடுக்குக் கண்ணாடி உடனே கொட்டிவிடாது.

2. கல்லடியை விரலால் தடவாதீர்கள். சில்லு குத்தும், விரலின் எண்ணெயும் அழுக்கும் உள்ளே போகும். ஈரம் இருந்தால் சுத்தமான துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள்.

3. காய்ந்த பிறகு அதன்மேல் ஒரு சிறு துண்டு ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். இது வெடிப்பைத் தாங்கிப் பிடிக்காது. ஈரத்தையும் தூசியையும் உள்ளே விடாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஓட்டுநரின் பார்வையை மறைக்காதபடி சிறிதாக வெட்டி ஒட்ட வேண்டும்.

4. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். குளிர்சாதனத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். காற்றைக் கண்ணாடிமேல் திருப்பாதீர்கள். சூடான கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அழுத்த நீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம்.

5. சில நாள்களுக்குள் கண்ணாடி பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். நகப்பூச்சு, உடனடிப் பசை ஆகியவற்றை நீங்களே ஊற்றாதீர்கள். அவை ஆழத்துக்கு இறங்காமல் வாயை மட்டும் அடைத்துவிடும். பிறகு சரியான பிசினும் உள்ளே போக முடியாது.

பிசின் எப்படிக் குணமாக்குகிறது?

கடையில் முதலில் கல்லடிக்குள் இருக்கும் சில்லுத்தூளையும் ஈரத்தையும் நீக்குவார்கள். பிறகு ஒரு சிறு கருவியைக் கண்ணாடியில் பொருத்தி உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். காற்றுக் குமிழி இருந்தால் அந்த இடத்துக்குப் பிசின் போகாது. அடுத்து, நீர்போல் ஓடும் பிசினை அழுத்தி உள்ளே செலுத்துவார்கள். மயிரிழை வெடிப்புகளுக்குள் அது நுண்புழை ஏற்றத்தாலும் பரவும். கடைசியாகப் புறஊதா விளக்கைக் காட்டினால் பிசின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடும். வெயிலிலும் புறஊதாக் கதிர் இருப்பதால்தான் இந்த வேலையை நிழலில் செய்கிறார்கள்.

இப்போது வெடிப்பின் இரு சுவர்களும் ஒட்டிக்கொண்டன. இழுவிசை பிசின் வழியாகவும் கடப்பதால் முனையில் குவிவது குறைகிறது. ஈரம் நுழையும் வாயும் அடைபட்டுவிட்டது.

வெள்ளைப் புள்ளி மறைவது எப்படி? அது ஒளிவிலகல் பாடம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, காற்றின் எண் 1.00. இரண்டும் சந்திக்கும் பரப்பில், நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காடு எதிரொளிக்கும். வெடிப்பில் இப்படிப் பல பரப்புகள் இருப்பதால் அது வெள்ளையாய்ப் பளிச்சிடும். இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கு பட்டால் இன்னும் மோசம். காற்று இருந்த இடத்தில் 1.50 எண்ணுள்ள பிசின் நிறைந்தால், எதிரொளிப்பு 1 இலட்சம் பங்கில் சுமார் 4 பங்காகக் குறைந்துவிடும். ஒளி தடையின்றிக் கடந்து போகும். ஆனாலும் உற்றுப் பார்த்தால் ஒரு மெல்லிய தழும்பு தெரியும். பழுதுபார்த்தல் கண்ணாடியைப் புத்தம் புதிதாக்கிவிடாது, வெடிப்பை நிறுத்திவைக்கும்.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

உட்பக்கக் கண்ணாடித் தாளும் வெடித்திருந்தால், வெடிப்பு ஓரத்தைத் தொட்டிருந்தால், அல்லது நீண்ட கோடாக ஓடிவிட்டால் பிசின் போதாது. ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இருக்கும் கல்லடியையும் கவனமாக முடிவு செய்ய வேண்டும். அந்த மெல்லிய தழும்பே அவருக்கு இடைஞ்சலாகலாம். பிரிட்டனின் வாகனச் சோதனையில் ஓட்டுநருக்கு நேரே 290 மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதியில் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சேதம் இருக்கக் கூடாது. வைப்பர் துடைக்கும் மற்றப் பகுதியில் அந்த வரம்பு 40 மில்லிமீட்டர். இடத்துக்கு இடம் வரம்பு மாறுவதன் பொருள் உங்களுக்கு இப்போது விளங்கும்.

வீட்டில் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "நம் காரின் காப்புறுதியில் கண்ணாடிக்குத் தனிக் காப்பு இருக்கிறதா?" மலேசியாவில் முழுமைக் காப்புறுதி எடுத்தாலும் முன் கண்ணாடிக்கான காப்பைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். பொதுவாகக் காப்புத் தொகையில் 15 விழுக்காடு கட்ட வேண்டியிருக்கும். கண்ணாடியின் மதிப்பு 1,200 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 180 ரிங்கிட். அந்தக் காப்பின்கீழ் கோரிக்கை வைத்தால் பொதுவாக என்.சி.டி. கழிவு பாதிக்கப்படுவதில்லை. வேன் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய செய்தி அல்ல.

வருமுன் காப்போம்

கல் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 33 மீட்டர். 110 கிலோமீட்டரில் 61 மீட்டர். லாரிக்காரர்கள் சரக்கைத் தார்ப்பாயால் மூட வேண்டும். இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

உங்களில் 16 வயது நிரம்பி மோட்டார் சைக்கிள் உரிமம் எடுத்தவர்களுக்கு ஒரு சொல். கார்க்காரருக்குக் கல்லடி கண்ணாடியோடு போகும். தலைக்கவசத்தின் முகக்காப்பைத் தூக்கிவிட்டுப் போகிறவருக்கு அது கண்ணில் விழும். முகக்காப்புகள் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற நெகிழியால் ஆனவை. அது கண்ணாடியைப்போல் நொறுங்காது. நெளிந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும். இறக்கிவிட்டால்தான் அதற்கு வேலை.

செய்து பாருங்கள்

சோதனை 1: ஒரே அளவில் மூன்று மெல்லிய நெகிழிப் பட்டைகளை வெட்டுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதன் ஓரத்தில் கத்தரியால் 3 மில்லிமீட்டர் வெட்டு. மூன்றாவதிலும் அதே வெட்டு. ஆனால் வெட்டின் முனையில் காகிதத் துளைப்பானால் ஒரு வட்டத் துளை. மூன்றையும் இழுத்துப் பாருங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டு, இங்லிஸ் சூத்திரத்தோடு பொருத்துங்கள்.

சோதனை 2: இரண்டு மெல்லிய பிஸ்கட்டுகளை இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். அதையும் ஒட்டாத ஒரு பிஸ்கட்டையும் கரண்டியால் தட்டுங்கள். துண்டுகள் எங்கே போகின்றன?

சோதனை 3: ஆசிரியர் உடனிருக்க, பைரெக்ஸ் சோதனைக் குழாய் ஒன்றில் சமையல் எண்ணெயை ஊற்றி, எண்ணெய் நிறைந்த முகவையில் இறக்குங்கள். மூழ்கிய பகுதி ஏன் மறைகிறது?

சிந்தியுங்கள்

1. வேகம் 110லிருந்து 55 கிலோமீட்டராகக் குறைந்தால் கல் மோதும் ஆற்றல் எத்தனை பங்காகும்?

2. மழை பெய்யும்போது கல்லடி மங்கி, "சரியாகிவிட்டது" போலத் தோன்றுகிறது. ஏன்? நீரின் ஒளிவிலகல் எண் 1.33.

3. வட்டக் கல்லடி, நட்சத்திரக் கல்லடி இரண்டில் எதை முதலில் கடைக்குக் கொண்டுபோவீர்கள்?

விடைகள்: 1. கால் பங்கு. 2. வெடிப்பில் நீர் நிறைவதால் எதிரொளிப்பு 4 விழுக்காட்டிலிருந்து அரை விழுக்காட்டுக்கும் கீழே குறைகிறது. கண்ணுக்கு மறைகிறதே தவிரக் குணமாகவில்லை. அந்த நீரே முனையை அரித்துக்கொண்டிருக்கிறது. 3. நட்சத்திரத்தை. அதன் கால்களின் முனைகள் கூர்மையானவை.

கலைச்சொற்கள்: பள்ளியில் மலாயில் கேட்பவை

இயக்க ஆற்றல்: தெனாகா கினெதிக்
அழுத்தம்: தெகானான்
வெப்பம்: ஹபா
ஒளிவிலகல்: பெம்பியாசான் சஹாயா
எதிரொளிப்பு: பந்துலான் சஹாயா

இன்று வீட்டுக்குப் போனதும் காரின் அல்லது வேனின் முன் கண்ணாடியை வெளியிலிருந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஒரு புள்ளி தெரிந்தால் அளவுகோலால் அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த வாரம் மீண்டும் அளங்கள். ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் அந்தக் குறிப்பை அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள். "சின்னதுதானே" என்பதற்கு அதைவிட நல்ல பதில் இல்லை.